அறுவை அரங்குக்கு முன்னும் பின்னும்

ஓசூரில் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை என்று முடிவானால் வண்டி பெரும்பாலும் பெங்களூரு பக்கம்தான் திரும்பும். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் இருபது கிலோமீட்டருக்குள் பொம்மசந்திரா. அங்கே 2000-ஆம் ஆண்டில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயா, ஒரே கூரையின்கீழ் மிக அதிக எண்ணிக்கையில் இதய அறுவைகள் செய்து செலவைக் குறைப்பது என்ற முறையை உலகம் கவனிக்கும்படி செய்தது. 2009-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அவரை இதய அறுவையின் ஹென்றி ஃபோர்டு என்றே வருணித்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வேர்விட்ட ஊருக்கு அந்த ஒப்பீடு எளிதில் புரியும். இந்த முறை நமக்குத் தந்தது என்ன, தராமல் விட்டது என்ன என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நன்மை. மூத்த மருத்துவர் அறுவையின் உயிரான கட்டத்தைச் செய்வார். மார்பைத் திறப்பதையும் மூடுவதையும் பயிற்சி பெற்ற இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதனால் ஒரே கைக்கு ஒரே வேலை ஆயிரக்கணக்கில் பழகுகிறது. இது ஆபத்தான அவசரம் என்று நினைப்பவர்கள் உண்டு. சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யும் பைபாஸை எடுத்துக்கொள்வோம். 2009-இல் வெளியான ரூபி என்ற அமெரிக்க ஆய்வில், ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது இம்முறையில் பொருத்திய ரத்தக்குழாய்கள் அதிகமாக அடைத்திருந்தன. ஐந்தாண்டு முடிவில் இறப்பும் 15.2 சதவீதம். இதயத்தை நிறுத்திச் செய்தவர்களில் அது 11.9 சதவீதம்தான். ஆனால் 4,752 பேரைச் சேர்த்த கரோனரி என்ற ஆய்வில் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் ஆய்வில் நூறு அறுவைகளுக்கு மேல் செய்து தேர்ந்தவர்களை மட்டுமே அனுமதித்தார்கள். இரு ஆய்வுகளின் முடிவுகள் வேறுபட்டதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நுட்பத்தின் தரம் அதைக் கையாளும் கையின் பழக்கத்தைப் பொறுத்தது என்பது தெளிவு.

பெருந்தமனி அறுவையில் இது இன்னும் கூடுதல் உண்மை. மூளைக்குப் போகும் கிளைகள் பெருந்தமனியின் வளைவிலிருந்தே பிரிகின்றன. அந்த வளைவை மாற்ற, உடலை 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் முறையை 1975-இல் ராண்டல் க்ரீப் கொண்டுவந்தார். அந்தக் குளிரிலும் மூளை அரை மணி நேரம் அளவுக்குத்தான் தாங்கும். இன்று பல இடங்களில் மூளைக்கு மட்டும் தனியே ரத்தம் செலுத்திக்கொண்டு மிதமாகக் குளிர்விக்கிறார்கள். ரத்தப்போக்கு குறைகிறது, ஆனால் தண்டுவடத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் பாதுகாப்பு நேரம் சுருங்குகிறது. பக்கவாதம், கால்கள் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நிற்காத ரத்தப்போக்கு என ஒன்றைத் தவிர்க்கப்போய் இன்னொன்றுக்கு வழிவிடும் அறுவை இது. வாரத்துக்கு ஒன்றாவது செய்யும் குழுவும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்யும் குழுவும் இதில் சமமாக முடியாது. எனவே கிருஷ்ணகிரியிலேயே இதய அறுவைப் பிரிவு வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் புரிந்தாலும் அதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. எண்ணிக்கை குறைந்த அரங்கு நோயாளிக்குத் தூரத்தை மிச்சப்படுத்தும், உயிராபத்தைக் கூட்டிவிடும்.

குறை, அந்த அரங்கின் வாசலுக்கு வெளியே தொடங்குகிறது. பெருந்தமனியின் உட்சுவர் இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிந்தால் காலம்தான் எதிரி. அறுவை செய்யாமல் விட்டால் முதல் இரண்டு நாள்களில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் இறப்பார்கள் என்று பழைய பாடநூல்கள் சொல்லின. 2022-இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டு ஆய்வு அதை 0.5 சதவீதம் என்று திருத்தியது. அப்படியும் இரண்டு நாளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அஞ்செட்டியிலிருந்தோ தளியின் காட்டோரக் கிராமத்திலிருந்தோ வருபவருக்கு முதல் சில மணி நேரம் மலைச்சாலையிலும், நோயை மாரடைப்பு என்று எண்ணுவதிலுமே போய்விடக்கூடும்.

இப்படித் தவறாக எண்ணுவதால் வரும் இரண்டாவது இழப்பு இன்னும் கொடியது. மாரடைப்புக்கு உயிர்காக்கும் ரத்தக்கட்டுக் கரைப்பான், கிழிந்த பெருந்தமனிக்கு நஞ்சு. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தரப்படுகின்றன. மாரடைப்பு மிக அதிகம், கிழிசல் மிக அரிது என்பதால் திட்டம் சரியானதே. அதோடு ஒரு நிமிட வேலையைச் சேர்த்தால் போதும்: வலி கிழிப்பதுபோலத் தொடங்கி முதுகுக்குப் பரவியதா என்று கேட்பது, இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்ப்பது. இரண்டு கைகளின் அளவுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் மருந்துக்கு முன் சி.டி. ஸ்கேன் பற்றி யோசிக்க வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கை இன்னொரு பெரிய இடைவெளி. பெருந்தமனியின் வேரையும் வால்வையும் சேர்த்து மாற்றும் முறையை 1968-இல் ஹியூ பென்டால் வெளியிட்டார். உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். 1990-இல் முதன்முதலில் பொருத்தப்பட்ட நம் நாட்டின் சித்ரா வால்வு விலையைக் குறைத்தது. அதுவும் இந்த மாத்திரையிலிருந்து விடுதலை தரவில்லை. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும். கூடினால் மூளையில் கசியும். இளம்பெண்ணாக இருந்தால் கருவுக்கும் ஆபத்து. சொந்த வால்வைக் காப்பாற்றும் டேவிட் முறையில் வார்ஃபரின் தேவைப்படுவதில்லை. ஆனால் அது கடினமானது, சிலருக்குப் பின்னாளில் மறு அறுவை தேவைப்படும். ஆகவே எந்த வால்வு என்று முடிவு செய்வதற்கு முன், நோயாளியின் வீட்டுக்கும், வார்ஃபரின் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக் கூடத்துக்கும் இடையே எத்தனை பேருந்துகள் மாற வேண்டும் என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி வேலையிழந்து இ.எஸ்.ஐ. காப்பீட்டு உரிமையும் போனால் மாத்திரையும் பரிசோதனையும் சேர்ந்தே நின்றுவிடும் ஆபத்து உண்டு. மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும் நாளோடு கணக்கை மூடினால் அப்படி நேரும் மரணம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இதற்கான மாற்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி வட்டாரத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வரும் ரத்த அழுத்த மாத்திரையே பெருந்தமனிக் கிழிசலைத் தடுக்கும் முதல் சிகிச்சை, ஏனெனில் கட்டுப்படாத ரத்த அழுத்தமே அதன் முதன்மைக் காரணம். அதே பணியாளர் கையில், விரல்நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவியையும், வால்வு மாற்றியவர்களின் பட்டியலையும் கொடுக்க வேண்டும். எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்தோம், எந்த மாத்திரை, என்ன அளவு என்பதைத் தமிழிலும் எழுதித் தர வேண்டும். ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு அந்த முடிவை வெளியிடவும் வேண்டும்.

பொம்மசந்திரா முறை அறுவை அரங்குக்குள் தன்னை நிரூபித்துவிட்டது. அதன் அடுத்த தேர்வு அஞ்செட்டியில்தான்.