மூன்று பிளக்குகள் சொல்லும் சேதி

வண்டி வேலை பழக, வீட்டில் நிற்கும் பழைய மாருதி 800-ஐப் போல ஒரு வாத்தியார் கிடையாது. 1983-ல் வந்த கார். 796 சிசி, மூன்றே சிலிண்டர். கார்புரேட்டர் மாடல் என்றால் இன்னும் நல்லது. கோளாறு கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. சூட்டோடு திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். நுனி வெளிர்பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்படலாம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான்.

திரும்ப மாட்டும்போது பிளக் ஸ்பானரை உடனே எடுக்காதீர்கள். முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். மரை நேராகப் பிடிக்கிறதா, கோணலாக ஏறுகிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். இந்தக் கைப்பதத்தை எந்தப் புத்தகமும் தராது. சொந்த வண்டி தரும், ஏனென்றால் அங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லை.

பிரேக் வேலையை மட்டும் விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் கொடுத்தே ஆக வேண்டும்.