பட்டணத்துக்கு வெளியே வந்த ரிட்

நிர்வாகச் சட்டம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லண்டனில் தொடங்குவார்கள். தென்னார்க்காட்டுக் காடாம்புலியூர் வாசகருக்கு 1943ஆம் ஆண்டே பொருத்தமான தொடக்கம். ரெவின்யூ போர்டு நிர்ணயித்த தீர்வையை எதிர்த்து பர்லாகிமிடி ஜமீன் ரயத்துகள் நடத்திய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அந்த உத்தரவை ரிட் எனும் நீதிப்பேராணை மூலம் ரத்துசெய்யும் அதிகாரம் இல்லை என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அந்த அதிகாரம் சென்னைப் பட்டணத்தோடு சரி. ஜார்ஜ் டவுன் வியாபாரிக்குத் திறந்திருந்த கதவு தென்னார்க்காட்டு முந்திரி விவசாயிக்கு மூடியே இருந்தது. 1950இல் அரசமைப்பின் 226ஆம் பிரிவு வந்த பிறகுதான் அந்த எல்லை அழிந்தது.

அதிகாரத்தை யார் கேள்வி கேட்பது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. சட்ட அறிஞர் டைசி வழிவந்த ஆங்கிலேய மரபு, அதிகாரியும் சாதாரண நீதிமன்றத்துக்கே பதில் சொல்லட்டும் என்கிறது. 1799இல் ஆலோசனை மன்றத்தை அமைத்த பிரெஞ்சு மரபு, நிர்வாகத்துக்குத் தனி மன்றம் வேண்டும் என்கிறது. நம் 1985ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தில் இதன் சாயல் உண்டு. ஆனாலும் நாம் நம்பியிருப்பது ரிட்டைத்தான்.

ரிட் வழக்கில் நிர்வாகத்தை அளக்கும் அளவுகோல்களில் பழையது இயற்கை நீதி: பாதிக்கப்படுபவரைக் கேள், உன் வழக்கில் நீயே நீதிபதியாகாதே. நீதிமன்றம் போலச் செயல்படும் அமைப்புகளுக்கு மட்டுமே இது என்றிருந்த எண்ணத்தை 1969இன் கிரைபக் தீர்ப்பு தளர்த்தியது. வனப்பணித் தேர்வுக் குழுவில், விண்ணப்பித்த அதிகாரியே உறுப்பினராக உட்கார்ந்திருந்த வழக்கு அது. 1974இல், முன்பு தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பாவின் வழக்கில் இன்னொரு அளவுகோல் பிறந்தது: தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கு எதிரானது. வழக்கில் ராயப்பா தோற்றார், கோட்பாடு நிலைத்துவிட்டது.

நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. மத்திய அரசின் நிறுவனமாதலால் அதன்மேலும் ரிட் பாயும். ஆனால் சட்டமன்றமே நடைமுறையைச் சுருக்கினால் இந்த அளவுகோல்கள் மெலிந்துபோகும் என்பது என் கணிப்பு. தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நிலமெடுப்புச் சட்டத்தில் விளக்கம் கேட்கும் அறிவிப்பு உண்டு. 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை. 2019இல் உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்றது. அரசு புதுச்சட்டத்தால் பழையதற்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

2023 ஜூலையில் வளையமாதேவியில், எப்போதோ கையகப்படுத்தி விட்டிருந்த நிலத்தில், நெற்பயிர் நிற்கும்போதே என்.எல்.சி.யின் எந்திரங்கள் இறங்கின. உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்துசெய்யவில்லை. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மீதமுள்ளதை அறுத்துக்கொள்ள செப்டம்பர் 15 வரை அவகாசம் தந்தது.