ஹெரால்டின் அடிவயிற்றுத் துரு: எந்தப் பூச்சு நிற்கிறது?

பழைய கார் வாங்க வருகிறவர்கள் போனட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறார்கள், கதவைச் சாத்தி ஓசை கேட்கிறார்கள். குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. வண்டியின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இது முழுமையாகப் பொருந்தும். டிரையம்ப் ஹெரால்டை அடியொற்றி, சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த நம்மூர்க் கார் அது. வடிவம் தந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி. அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பாடியும் சேசிஸும் ஒன்றே. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சேசிஸைக் காப்பாற்றினால் காரைக் காப்பாற்றிவிடலாம்.

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத்து ஒரு ஷெட்டில், நெடுங்காலம் சென்னையில் ஓடிய ஒரு ஹெரால்டின் சேசிஸில் மூன்று முறைகளைப் பக்கம் பக்கமாகப் பூசினேன். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க அதை ஓட்டிய பிறகு எழுதுகிறேன்.

சுரண்டுவதற்கு முன்

திருவண்ணாமலையில் கடற்காற்று இல்லை. ஆனால் சென்னையில் ஏறிய உப்பு துருவுக்கு அடியில் தங்கிவிடும். அதை அப்படியே மூடினால் எந்தப் பெயிண்டும் கொப்பளிக்கும். ஆகவே முதல் வேலை நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவுவது. அடுத்தது கிரீஸையும் ஆயிலையும் டீகிரீஸரால் எடுப்பது. எண்ணெய் இருக்கும்போதே கிரைண்டரை வைத்தால் அழுக்கு இரும்பிலேயே தேய்ந்து இறங்கும்.

பிறகு கூர்முனைச் சுத்தியலால் சேசிஸ் முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் மேல்துரு மட்டும்தான். மொத்தென்று கேட்டாலோ, முனை உள்ளே இறங்கினாலோ, அது டிங்கர் பட்டறை வேலை: வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். ஹெரால்டில் பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் முதலில் தட்ட வேண்டும். சேறு தங்குவது அங்கேதான்.

கருவி: கிரைண்டரும் கம்பி பிரஷும்

நான்கு அங்குல கிரைண்டரில் முறுக்குக் கம்பி பிரஷ் மாட்டினால் தளர்ந்த துருவும் பழைய பெயிண்டும் வேகமாகப் போகும். ஆனால் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் துருவை எடுக்காமல் பளபளப்பாக்கிவிடும். பார்க்க இரும்பு போலவே இருக்கும். அந்த இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் பழுப்புக் குழிகள் மறுபடி தெரியும். பிரஷுக்குப் பின் உப்புத்தாள் கட்டாயம். பிரைமர் பிடிக்கத் தேவையான சொரசொரப்பும் அதில்தான் கிடைக்கும்.

ரஸ்ட் கன்வெர்ட்டர்

கடைகளில் இரண்டு வகை உண்டு. பாஸ்பாரிக் அமில வகை துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. சுமார் 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் டெல்லி இரும்புத் தூணைக் காப்பதும் பாஸ்பேட் படலம்தான் என்று கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆய்வு செய்து விளக்கினார். டானின் வகை வேறு வழியில் வேலை செய்கிறது. கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு தருகிற அதே வினைதான் இங்கும் நடக்கிறது.

நான் பயன்படுத்தியது டானின் வகை. பால் போன்ற திரவம். துருவின் மேல் பட்டதும் ஊதாவாகி, மெல்லக் கருநீலமாகி, காய்ந்தபின் முழுக்கக் கறுப்பாகிறது. உப்புத்தாள் எட்டாத குழிகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் அருமையாக வேலை செய்தது. பளிச்சென்ற இரும்பில் அதற்கு வேலை இல்லை. அங்கே வெறும் தோலாக நின்று நகத்தால் உரிந்தது. செதிலாக எழும்பிய துருவிலும் பயனில்லை. மேல்பரப்பு கறுக்கும், உள்ளே பழுப்புப் பொடி அப்படியே இருக்கும். அமில வகையை வாங்கினால், மிஞ்சிய அமிலத்தை டப்பாவில் சொன்னபடி அகற்றி நன்றாக உலர்த்துங்கள். அது தங்கினால் எபாக்ஸி சரியாக இறுகாது.

பிரைமர்: ரெட் ஆக்சைடா, எபாக்ஸியா?

ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடு மலிவு, பூசச் சுலபம். ஜன்னல் கம்பிக்குப் போதும். சக்கரம் தெறிக்கும் தண்ணீரையும் ஜல்லியையும் நாளெல்லாம் வாங்கும் அடிப்பாகத்துக்குப் போதாது. இரண்டு டப்பா எபாக்ஸியில் பிரைமரும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகுவதால் தண்ணீர் ஊடுருவுவது மிகவும் குறைவு.

அதற்கு ஒழுங்கு வேண்டும். கலவை விகிதத்தைக் கண்மதிப்பில் விடாமல் அளவுக் குவளையில் எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் கலவை டப்பாவிலேயே சீக்கிரம் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பூசக் கூடாது; தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழிக் காலையில் தகட்டைத் தொட்டாலே விரல் நனையும்; வெயில் ஏறிய பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். பவுர்ணமியை ஒட்டிய நாட்களையும் தவிர்க்கலாம். கிரிவலக் கூட்டம் கிளப்பும் பாதைப் புழுதி ஈரப் பூச்சில் ஒட்டும்.

எந்தப் பெயிண்டும் கூர்விளிம்பில் மெலிந்துவிடும். அதனால் விளிம்பு, போல்ட் தலை, வெல்டிங் கோடு ஆகியவற்றில் முதலில் பிரஷால் ஒரு கோட் கொடுத்துவிட்டு, பிறகு முழுவதும் இரண்டு கோட் பூச வேண்டும்.

மழைக்குப் பின்

கம்பி பிரஷ் மட்டும் போட்டு ரெட் ஆக்சைடு பூசிய பகுதியில் விளிம்பெல்லாம் பழுப்புப் புள்ளிகள். பிளேடால் கீறி டேப் ஒட்டி இழுத்தால் செதிலாக வந்தது. கன்வெர்ட்டர் மேல் எபாக்ஸி பூசிய பகுதி நன்றாக நின்றது. ஆழமான ஒரு குழியில் மட்டும் சிறு கொப்புளம். உப்புத்தாளால் இரும்புவரை எடுத்து எபாக்ஸி பூசிய பகுதியில் டேப்பில் ஒன்றும் வரவில்லை.

கவனம்

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சிமென்ட் தரையில் ஸ்டாண்டு நிறுத்துங்கள். கம்பி இழை தெறிக்கும், கண்ணாடி அவசியம். தீப்பொறி பறக்கும், பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் முதலில் கழற்றுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், முகமூடி வேண்டும். ஹார்டனர் தோலில் படக் கூடாது, கையுறை வேண்டும். பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், சேசிஸ் நம்பர் மேல் பெயிண்ட் படாமல் மூடுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

தீர்ப்பு

பணம் குறைவாக இருந்தால் கன்வெர்ட்டரை விட்டுவிடலாம். உப்புத்தாளையும் எபாக்ஸியையும் விடக் கூடாது. துருவின் மேல் நேரே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து வண்டியைக் கொடுக்கும் வழக்கம்தான் பழைய கார்களுக்குப் பெரிய பகை. ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து, ஓட்டை விழும்வரை அது மறைத்துவிடும். கோட்டிங் வேண்டுமென்றால் எபாக்ஸி இறுகிய பிறகு அடியுங்கள். வண்டலூரிலிருந்து இனி ஹெரால்டு வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மழைக்கு முன், ஆவணியிலேயே சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும்.