நிறம் ஏறும் நாட்கள்

சயாம் பூனையின் குட்டிகள் எல்லாமே வெள்ளையாகத்தான் பிறக்கின்றன. தாயின் முகம் கரிக்கட்டையாய்க் கருத்திருக்கும், தகப்பன் கடுவனுக்கு வால் நுனி வரை கருமை இறங்கியிருக்கும். குட்டிகளோ பாலாடை நிறத்தில், காது மடல் தலையோடு ஒட்டியபடி, மூக்கும் பாதமும் இளஞ்சிவப்பாக நெளிந்துகொண்டிருக்கும். ஜாதிப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆசையோடு பார்க்க வருகிறவர்களுக்கு முகம் விழுந்துவிடும். எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி நேராகவே கேட்டுவிட்டார்: “ஏம்மா, ஒண்ணுகூட அம்மா மாதிரி இல்லியே, தெருவிலேர்ந்து ஏதாவது வந்துட்டுப் போச்சா?” “ரெண்டு வாரம் பொறுத்து வாங்க பாட்டி” என்றேன்.

கருப்பையின் சூடுதான் காரணம். பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். ரோமத்துக்குக் கருமை தரும் நிறமியை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். சயாம் பூனையில் அந்த நொதி சற்றுத் திரிந்தது. உடம்பின் முழுச் சூட்டில் அது வேலை செய்யாது. சூடு குறைந்த ஓரங்களில், அதாவது மூக்கு, காது, பாதம், வால் ஆகிய இடங்களில் மட்டும் செய்யும். கருப்பைக்குள் குளிர்ந்த ஓரம் ஏது? ஆகவே குட்டி வெள்ளையாக வந்து விழுகிறது. வெளிக்காற்று பட்ட பிறகுதான் ஓரங்களில் நிறம் ஏறத் தொடங்குகிறது. 1930-ல் இல்யின் என்ற பெயருள்ள இரண்டு ரஷ்ய ஆய்வாளர்கள், சயாம் பூனையின் வெளிறிய உடம்பில் ரோமத்தை மழித்து அந்த இடத்தைக் குளிர்ச்சியாக வைத்துப் பார்த்தார்கள். அங்கே முளைத்த ரோமம் கருமையாக வந்தது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, சென்னையில் பூனை வளர்த்துப் பார்ப்பது வேறு. எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில் பிறக்கும் குட்டிகளுக்கு நிறம் தயங்கித் தயங்கி வரும். மார்கழியில் பிறந்தவை சீக்கிரமே முகம் கருத்துவிடும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு சகோதரர்களில் ஒருவன் ஊட்டிக்குப் போனான், மற்றவன் பெரம்பூரில் இருக்கிறான். வளர்ந்த பின் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்தால், ஊட்டிக்காரனுக்கு முதுகெல்லாம் காப்பிப்பொடி நிறம், பெரம்பூர்க்காரன் இன்னும் சந்தன நிறம். எந்த ஊரில் வாழ்கிறது என்பதை மேல்தோலிலேயே எழுதிக் காட்டும் பிராணி இது. பூனை இனங்களிலேயே சயாமின்மேல் எனக்குத் தீராத மோகம் வரக் காரணமும் இதுதான்.

பிரசவ அறை என்று எங்கள் வீட்டில் தனியாக எதுவும் கிடையாது. உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிகள். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது; முதல் வாரம் 30 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு சுற்றிலும் வேண்டும். குளிர்தேசத்துக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் சூடேற்றும் விளக்குகளைப் பற்றியே பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு அந்தக் கவலை மார்கழி ராத்திரிகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் ஏசியை அணைத்து, மின்விசிறிக் காற்று பெட்டிக்குள் நேராக இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பெட்டியை ஜன்னலோரம் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

சினைக்காலம் சுமார் 65 நாள். கடைசி நாளில் தாயின் உடம்புச் சூடு ஒரு டிகிரி போல இறங்கும். ‘குட்டி போட்ட பூனை மாதிரி’ என்று ஊரில் சொல்வார்களே, அந்தத் தவிப்பை எங்கள் குமுதா குட்டி போடுவதற்கு முன்பே காட்டிவிடுவாள். பெட்டிக்கும் என் காலுக்கும் இடையே நடந்து, கைக்குழந்தையின் அழுகையும் அதட்டலும் கலந்த குரலில் கூப்பிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் படுப்பாள். அதற்குமேல் என் வேலை பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். சவ்வை நக்கிக் கிழிப்பது, கொடியைக் கடித்து அறுப்பது, நஞ்சைத் தின்றுவிடுவது, குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கி மூச்சு வரவைப்பது என எல்லாம் அவளே செய்வாள். சுத்தமான துண்டும் மருத்துவரின் எண்ணும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். தெரிந்த கை சும்மா இருக்கப் பழகுவதுதான் இந்தக் கலையின் முதல் பாடம் என்பேன்.

அடுத்த பாடம் தராசு. சமையலறைத் தராசுதான், கிராம் கணக்குக் காட்டினால் போதும். பிறக்கும்போது ஒரு குட்டி ஏறக்குறைய 90 அல்லது 100 கிராம். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூடிக்கொண்டே போக வேண்டும். பால் நிறைந்த குட்டிக்கும் பசித்த குட்டிக்கும் முதலில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தராசுக்குத் தெரியும். எல்லாம் ஒரே வெள்ளை என்பதால் ஒன்றுக்கு வலது தோளிலும் இன்னொன்றுக்கு வால் அடியிலும் ரோமத்தைத் துளி கத்தரித்து அடையாளம் வைப்பேன். நோட்டில் ‘வலத்தோள் 112, வாலடி 108’ என்று காலையில் எழுதிக்கொண்டே போகும்போது, பேர் வைப்பதற்கு முன்பே ஒவ்வொன்றின் சுபாவமும் தெரிந்துவிடுகிறது. வாலடி தராசுத் தட்டில் ஏறியதும் கத்தும். வலத்தோள் தூங்கிவிடும்.

இரண்டு மூன்று நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். கண் திறக்கவில்லை, காது கேட்கவில்லை, வாசனைதான் வழி. தாய் குர்ரென்று ஒலியெழுப்பிக்கொண்டே படுத்திருக்கும் அதிர்வை வைத்து அவள் இருக்கும் திசையைத் தெரிந்துகொண்டு, வயிற்று ரோமத்தில் மூக்கால் உழுது, சரியான இடத்தை அடைந்ததும் முன்னங்கால்களால் மாறி மாறிப் பிசையத் தொடங்கும். வேறொரு குட்டியின் இடத்தில் வாய் வைத்துவிட்டால் உடனே விட்டுவிட்டு நகர்ந்துபோவதை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சண்டையே இல்லாமல் பாத்தியதை தீர்கிற இடம் அது.

நிறம் ஏறுவதைப் பார்க்கத் தனி நேரம் உண்டு. டியூப் லைட் வெளிச்சம் ஏமாற்றிவிடும். காலை எட்டு மணிக்குக் கிழக்கு ஜன்னலில் சாய்வெயில் விழும்போது குட்டியை உள்ளங்கையில் வைத்துக் காது விளிம்பைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் முடிவதற்குள் அங்கே பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு சாம்பல் விளிம்பு தோன்றும். அது சீல் பாயின்ட், கருங்காப்பி நிறமாக முதிரப்போகும் குட்டி. ப்ளூ பாயின்ட்டின் விளிம்பு இன்னும் மங்கலாக, ஈரச் சிலேட்டு நிறத்தில் வரும். சாக்லேட்டும் லைலாக்கும் வாரக்கணக்கில் காக்கவைக்கும். அவற்றுக்குக் காதைவிடப் பாதத்தின் அடிப்பகுதிதான் சாட்சி. சாக்லேட்டுக்கு அதில் இலவங்கப்பட்டைச் சிவப்பு ஓடும், லைலாக்குக்கு ஊதா கலந்த வெளிறிய சிவப்பு. குமுதாவும் அவள் ஜோடியும் சீல்தான். ஆனால் இருவருமே ப்ளூவுக்கான மரபணுவை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. இந்த ஈற்றில் வாலடிக்கு அது வாய்த்தது. அந்தச் சிலேட்டுக் கோட்டை முதலில் கண்ட காலையில் எனக்கு அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை.

சயாம் குட்டிகள் சீக்கிரம் கண் திறப்பவை. எல்லாப் பூனைக்குட்டிக்கும் கண் முதலில் நீலம்தான். மற்ற இனங்கள் பலவற்றில் ஆறு ஏழு வாரத்தில் அது பச்சைக்கோ மஞ்சளுக்கோ மாறும். இவற்றில் நீலம் தங்கி, மாதங்கள் போகப்போகச் சங்குப்பூ நிறத்துக்கு ஆழமாகும். ரோமத்தை வெளிறச் செய்த அதே மரபணுதான் கண்ணிலும் வேலை செய்திருக்கிறது. அந்தக் காலத்துச் சயாம்களில் பலவற்றுக்கு ஒன்றரைக் கண் இருந்ததும் அதனால்தான். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளில் சில தவறான பக்கம் திரும்பிவிடுவதை 1969-ல் கில்லெரி என்ற உடற்கூற்றியலாளர் காட்டினார். வாலில் முடிச்சு விழுந்திருப்பதும் பழைய வம்சங்களில் சாதாரணம். இரண்டையும் வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக ஜோடி பார்த்துக் குறைத்திருக்கிறார்கள். குளத்தில் குளித்த இளவரசி மோதிரங்களை வாலில் கோத்து வைத்தாள், நழுவாமலிருக்கப் பூனை வாலை மடித்துக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. கதை அழகானது, நேரான வாலும் அழகானதே.

தாய்லாந்தில் இந்தப் பூனைக்கு விச்சியன்மாத் என்று பேர். அங்கே பூனை லட்சணங்களைச் செய்யுளிலும் சித்திரத்திலும் சொல்லும் தம்ரா மேயோ என்ற சுவடி மரபே இருக்கிறது. குதிரைக்கும் யானைக்கும் நம் பக்கத்தில் லட்சணம் எழுதி வைத்தது போன்ற காரியம். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871-ல் நடந்த பூனைக் கண்காட்சியில் சயாம் பூனைகள் வைக்கப்பட்டிருந்தன. 1884-ல் பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்த எட்வர்ட் கூல்ட், போ, மியா என்ற ஜோடியைத் தன் தங்கைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அவற்றின் குட்டிகள் கண்காட்சியில் வைக்கப்பட்டன, பிறகு சீக்கிரமே செத்துப்போயின. தடுப்பூசி இல்லாத காலம். இன்று எட்டாவது வாரத்தில் ஊசி போடக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டிகளின் நினைவு வரும்.

மூன்றாவது வாரம் பல் முளைக்கும். புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், முல்லை மொட்டுக்குக் காட்டுப்பூனைக் குட்டியின் கூர்ப்பல்லை உவமை சொல்கிறார். குட்டியின் வாயை விரலால் திறந்து பார்த்தவர் அல்லாமல் வேறு யாருக்கும் அது தோன்றாது என்பது என் துணிபு.

அந்த வாரத்திலேயே வீடு மாற்றும் படலமும் தொடங்கும். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். குமுதா பீரோவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குள், கடைசியில் பூஜையறை அலமாரியின் கீழ்த்தட்டில் என்று மாற்றினாள். பிடரித்தோலைக் கவ்வியதும் குட்டி கால்களை மடக்கி, வாலைச் சுருட்டி, துவண்டு தொங்கிவிடுகிறது. தென்கலை வைணவர் சரணாகதிக்கு மார்ஜார நியாயத்தை, அதாவது பூனைக்குட்டி உவமையை, சொல்வது ஏன் என்று அந்தத் துவளலைப் பார்த்தால் தெரியும். குட்டி எதையும் பற்றிக்கொள்வதில்லை.

இப்படித் துவளும் குட்டி மனிதக் கையில் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலான காலம். ஐலின் கார்ஷ் என்ற ஆய்வாளர் அந்தப் பருவத்தை விரிவாக ஆராய்ந்தார். அவருக்கு முன்பே, 1961-ல், மையர் என்பவர் சயாம் குட்டிகளை வைத்தே ஒரு சோதனை செய்திருந்தார்: தினமும் கையில் எடுத்துக் கொஞ்சப்பட்ட குட்டிகள் முந்திக் கண் திறந்தன, முந்தியே பெட்டியை விட்டு வெளியே வந்தன, நிறமும் அவற்றுக்குத்தான் முந்தி ஏறியது. இதைவிடப் பெரிய நியாயம் எனக்கு வேண்டியதில்லை. பள்ளி விட்டு வந்ததும் மகள் ஒவ்வொன்றாக மடியில் வைத்துக்கொள்வாள். குக்கர் விசில், மிக்ஸி, பாட்டியின் மணியோசை எல்லாம் காதில் விழட்டும் என்று கதவைத் திறந்தே வைக்கிறேன். கூண்டு வரிசையில் வளர்ந்த குட்டிக்கு எத்தனை நல்ல வம்சப் பத்திரம் இருந்தாலும், கை நீட்டினால் பின்வாங்கும். அந்தக் குட்டியை நான் அழகு என்று சொல்லமாட்டேன்.

சாப்பாட்டில் மட்டும் ஊர் வழக்கத்தோடு நான் உடன்படுவதில்லை. பூனைக்குப் பால்சோறு உணவல்ல. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் வரவேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் வீங்கும். நாலாவது வாரம் முதல் வேகவைத்த கோழியை மசித்துக் குட்டிகளுக்கான உணவோடு கலந்து விரல் நுனியில் கொடுப்பேன்.

ஜோடி சேர்ப்பதில்தான் வளர்ப்பவரின் ரசனை தெரியும். இன்றைய கண்காட்சி மேடைகள் கத்தி போன்ற கூர்முகத்தையும் குழாய் போன்ற உடம்பையும் விரும்புகின்றன. எனக்குப் பழைய சுவடிச் சித்திரங்களில் உள்ள மட்டான முகம்தான் பிடிக்கும். கன்னத்தில் கொஞ்சம் சதை, நெற்றியில் மெல்லிய வளைவு. ஐந்து தலைமுறைப் பேர்களைப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே முப்பாட்டன் வராமல், விழித்திரைச் சிதைவுக்கான மரபணுச் சோதனையும் முடித்த பிறகே கடுவனைத் தேர்ந்தெடுக்கிறேன். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு தேய்ப்பு, அவ்வளவே அந்தச் சோதனைக்கு வேண்டியது. அதைக்கூடச் செய்யாமல் நிறத்துக்காக அண்ணன் தங்கையை ஜோடி சேர்ப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பதின்மூன்றாவது வாரம் குட்டிகள் போகலாம். அதற்குமுன் கேட்டு வருகிறவர்களிடம் நான் நெடுநேரம் பேசுவேன். பகலெல்லாம் வீடு பூட்டியிருக்குமா, பால்கனிக்கு வலை உண்டா என்று கேட்பேன். சயாமுக்குத் தனிமை ஆகாது; பேச ஆள் இல்லாவிட்டால் கத்திக் கத்தித் தன் வாலைத் தானே கடித்துக்கொள்கிற பூனைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்று கேட்டு வருகிறவர்களை இரண்டாக எடுத்துப்போகச் சொல்வேன். இந்த முறை வலத்தோளை மட்டும் கேட்டு வந்த ஒரு தம்பதி, வாலடி அதன்மேல் ஏறிக் காதைக் கடித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். “சரி, ரெண்டையும் குடுங்க” என்றார் அந்த அம்மா. அவர்கள் கொண்டுவந்த கூடை ஒன்றுக்குத்தான் போதும். எங்கள் வீட்டுப் பெரிய கூடையைத் தேடி எடுத்து, பெட்டியிலிருந்த வேட்டித்துண்டை அடியில் விரித்துக் கொடுத்தேன்.