ஜார்ஜ்டவுன் கலைவிழாவும் கெடாத் தமிழரும்

கெடாவின் தோட்டப்புறங்களில் வளர்ந்த தமிழருக்குக் கலைவிழா என்பது புதிய சங்கதியன்று. மாரியம்மன் திருவிழாவில் உறுமி மேளம் ஓய்ந்து, தீமிதி முடிந்தபின், திடலில் பாய் விரித்துக் குடும்பத்தோடு அமர்ந்து, பிள்ளைகள் மடியில் உறங்கிப்போனாலும் தாம் எழுந்து போகாமல் விடியும்வரை நாடகம் பார்த்த தலைமுறையின் வாரிசுகள் அவர்கள். ஆயினும், கடலுக்கு அப்பால் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நிகழும் கலைவிழா வேறு யாருக்கோ உரிய வைபவம் என்னும் சங்கோசம் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் லுனாஸிலும் உள்ள நம்மவரிடையே இன்னும் இருக்கக் காண்கிறேன். அந்தச் சங்கோசத்துக்கு ஆதாரமில்லை என்பதும், கோவில் திடலில் பழகிய பொறுமையே நகரத்து விழாவுக்கு நாம் கொண்டுசெல்லக்கூடிய பெரும் முதல் என்பதும் என் துணிபு.

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவோடு ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமையைக் கொண்டாடும் முகமாக 2010இல் இவ்விழா பிறந்தது. சென்னையின் மார்கழி உற்சவம் 1927ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த சங்கீத மாநாட்டில் வேர்கொண்டு சபை அரங்குகளுக்குள் தழைத்தது. பினாங்கு விழாவோ அரங்குகளோடு நில்லாமல், பழைய கடைவீடுகளையும் முற்றங்களையும் தெருக்களையும் மேடையாக்கிக்கொண்டது. 2012இல் இவ்விழாவுக்கென்று எர்னஸ்ட் சகாரெவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் ஆர்மீனியன் தெருச் சுவரொன்றில் தீட்டிய, நிஜ மிதிவண்டியின்மேல் இரு குழந்தைகள் செல்லும் சித்திரம் இன்று ஊருக்கே அடையாளமாகிவிட்டது. அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புவோர் பலர். அதுவே விழாவைப் பார்த்ததாகும் என்று எண்ணிவிடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நாள் விஷயத்தில் கெடாவாசிகளுக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. நம் மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலோ சனியும் ஞாயிறும். ஆகவே, அங்கே அலுவலகங்களும் பள்ளிகளும் நடக்கும் வெள்ளிக்கிழமையன்று, பசியாறிவிட்டு சுங்கைப்பட்டாணியில் மின்ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் கடலைக் கடப்பவர், சனிக்கிழமை நெரிசலுக்கு முந்திய நகரத்தைக் கால்நடையாகவே சுற்றிவரலாம். திரும்பும் கடைசிப் பெர்ரியின் நேரத்தையும் கடைசி ரயிலின் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நாடகத்தின் இறுதிக் காட்சியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நாடகத்தைப் பார்ப்பதில்லை.

நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்ததும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது சகஜம். கல்யாண விருந்தில் இலையில் விழுந்ததையெல்லாம் அவசரமாக விழுங்கியவனுக்கு எதன் ருசியும் நினைவிராதது போல, ஒரே நாளில் ஐந்தாறு நிகழ்ச்சிகளுக்கு ஓடியவரின் மனத்தில் ஒன்றும் தங்காது. சீட்டு வாங்கிப் பார்க்கும் அரங்க நிகழ்ச்சி ஒன்று, தெருவில் இலவசமாகக் காணக்கிடைப்பது ஒன்று, இரண்டுக்கும் நடுவே யாதொரு காரியமுமில்லாத இரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு இது போதும் என்பேன். அந்த இடைவேளையில் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் வாசலில் சற்று நின்றாலும், கேப்டன் கெலிங் பள்ளிவாசல் வரை நடந்தாலும், நம் முன்னோர் இந்நகரத்தின் நிர்மாணத்தில் வகித்த இடம் கண்முன் வரும். விருந்தாளி என்ற கூச்சம் அதன்பின் நிற்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. இது போன்ற விழாக்களில் நிழற்கூத்தோ, ஹொக்கியன் கையுறைப் பொம்மலாட்டமோ, மாக் யோங் நாடகமோ இடம்பெற்றால், பாஷை புரியாதே என்று தயங்காமல் அங்கே போய் அமர வேண்டும். கிளந்தானின் வாயாங் கூலிட் நிழற்கூத்து இராமகதையை மூலமாகக் கொண்டது. திரையில் இராவணன் வரும்போது தமிழ்ப் பார்வையாளருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அங்கே ஒலிக்கும் செருனாய் நம் நாகசுரத்தைப் போலவே சீவாளியில் பேசும் வாத்தியம். கோவில் வாசலில் பழகிய காது அதை உடனே இனங்கண்டுகொள்ளும். ஆட்டம் முடிந்ததும் எழுந்து வெளியே விரையாமல், அனுமதி கேட்டுத் திரையின் பின்னால் போய், தோற்பாவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் டாலாங் என்னும் பாவைக்கூத்தரிடம், இந்தப் பாவையைச் செய்தவர் யார், வித்தை யாரிடம் கற்றது, சொந்தக் கிராமத்தில் எப்போது ஆடுவீர்கள் என்று விசாரிக்க வேண்டும். நகர மேடையில் நேரத்துக்குச் சுருக்கப்பட்ட ஒன்றின் விஸ்தாரமான வடிவம் எங்கே இருக்கிறது என்பது அந்த உரையாடலில்தான் தெரியவரும்.

அவ்வாறு விசாரிக்கப் பழகியவர் விரைவில் கெடாவிலேயே வந்து நிற்பார். அலோர்ஸ்டாருக்கு வடக்கே, ஜித்ராவை அடுத்த வாங் தெப்புஸ் கிராமத்தில், மேக் மூலுங் என்னும் ஆடலும் பாடலும் கலந்த நாடகக் கலை தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வருகிறது. ரெபானா முழவும் செருனாயும் அதற்கும் உரியவை. நம் மாநிலத்தின் இந்தச் சொத்தை அறியாத தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஜார்ஜ்டவுனுக்கு ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கியவர்கள், அடுத்ததொரு வெள்ளிக்கிழமையை வாங் தெப்புஸுக்கு ஒதுக்கி, ஆட்டம் எப்போது என்று முன்னதாக ஊராரிடம் கேட்டறிந்து, பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம்.