பிபிலேயின் மருந்துச் சீர்திருத்தம்: ஒரு மறுமதிப்பீடு

மருந்து ஏனைய நுகர்பொருள்களைப் போன்றதன்று. அதனை உட்கொள்பவர் நோயாளி. தெரிவு செய்பவர் வைத்தியர். விலை செலுத்துவது நோயாளியோ அரசோ ஆகும். தெரிவும் செலவும் வெவ்வேறு கைகளில் இருப்பதனாலேயே மருந்துத் துறையில் அமைப்பு மாற்றத்தை நிகழ்த்துதல் கடினமாகின்றது. இலங்கையில் 1970களில் பேராசிரியர் சேனக பிபிலே (1920-1977) தலைமைதாங்கிய மாற்றத்தைப் பலர் தனிமனிதர் ஒருவர் பல்தேசியக் கம்பனிகளுடன் பொருதிய வரலாறாகவே காண்பர். இது பாதி உண்மையேயாகும்.

நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான பிபிலே, வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து தயாரித்த அறிக்கை 1971இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவரானார். இங்கு மனங்கொள்ளத்தக்கது அவர் கைக்கொண்ட ஒழுங்குமுறையாகும். முதலில் மருந்துப் பட்டியல் ஆராயப்பட்டது. ஒரே மருந்து பல வணிகப்பெயர்களில் வந்த நிலை மாற்றப்பட்டு, ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்திடம் ஒருமுகப்படுத்தப்பட்டு, உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் கோரப்பட்டன. எது தேவை என்பதை அறிவியல் தீர்மானித்தது. எங்கே வாங்குவது என்பதை நிர்வாகம் தீர்மானித்தது. அந்நியச் செலாவணி அருகிய நாடொன்றுக்கு இது பெரும்பேறு எனலாம்.

ஆயின் மாற்றம் எட்டாத இடமொன்று இருந்தது. அது வைத்தியரின் மருந்துச் சிட்டை. பொதுப்பெயரால் எழுதுமாறு பிபிலே வலியுறுத்தினார். பக்கச்சார்பற்ற தகவல்களை வைத்தியர்க்கு வழங்கவும் முயன்றார். எனினும் மலிவான மருந்து தரங்குறைந்தது என்ற வாதம் வைத்தியர் மத்தியிலேயே வலுப்பெற்றது. இவ்வெதிர்ப்பினைக் கம்பனிகளின் சூழ்ச்சி என்று மாத்திரம் விளக்குதல் போதாது. நீண்டகாலப் பழக்கமும், தமது தொழிற் சுதந்திரம் பறிபோகின்றதென்ற அச்சமும் அதிற் கலந்திருந்தன. கொள்வனவை ஓர் ஆணையால் மாற்றலாம். எழுதும் கையை அவ்வாறு மாற்றவியலாது. அதற்கு ஒரு தலைமுறைக் கல்வி வேண்டும். பிபிலேக்குக் கிடைத்ததோ சில ஆண்டுகளே.

இதன் விளைவு 1977இல் வெளிப்பட்டது. ஆட்சி மாறியது; திறந்த பொருளாதாரக் கொள்கையின் கீழ்த் தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. கூட்டுத்தாபனம் நிலைத்தது, அதன் ஏகபோக உரிமை நிலைக்கவில்லை. சீர்திருத்தத்தைக் காக்கத் திரண்டெழக்கூடிய தொழில்வல்லார் அணியொன்று நாட்டில் உருவாகியிருக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கயானாவில் ஐக்கிய நாடுகள் பணியிலிருந்தபோது பிபிலே காலமானார். அவர் வலியுறுத்திய சிந்தனையோ பிறநாடுகளிற் பரவியது. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை 1977இலேயே வெளியிட்டது. பங்களாதேசம் 1982இல் தனது மருந்துக் கொள்கையை வகுத்தது. இலங்கையிலோ தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015 வரை காத்திருந்தது.

நிறுவனத்தை ஆக்குதல் மாற்றத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. பரசிற்றமோலைப் பனடோல் என்றே கேட்டு வாங்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே நிலவுகின்றது. பிபிலே தொடங்கிய பணியின் எஞ்சிய பாதி கூட்டுத்தாபனத்தின் அலுவலகத்திலன்று, மருத்துவ பீடங்களின் விரிவுரை மண்டபங்களிலேயே நிறைவேற வேண்டியுள்ளது.