இரு நாவல்களில் மாணவர் தன்னடையாளமும் மனநலமும்

முன்னுரை

உயர்கல்வி பயிலும் மலேசியத் தமிழ் மாணவரின் நாட்டுரிமை, தன்னடையாளம், மனநலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்குவது வழக்கம். இவை பிரிக்கவியலாதவை என்பதைக் கெடா மாநிலத்தில் பிறந்த இரு படைப்பாளர்களின் நாவல்கள் உணர்த்துகின்றன. ஒன்று, கே. எஸ். மணியம் (1942–2020) ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' (1981). மற்றொன்று, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ரெ. கார்த்திகேசு (1940–2016) தமிழில் படைத்த 'காதலினால் அல்ல' (1999).

நிலமும் மொழியும்

'தி ரிட்டர்ன்' நாவலின் களம் பீடோங். ரவி தமிழ்ப்பள்ளியில் முருகேசு ஆசிரியரிடம் பயின்று, பின்னர் ஆங்கிலப் பள்ளிக்கு மாறி, இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றுத் திரும்புகிறான். இதனைக் கல்வியால் உயர்ந்தவன் கதையாக மட்டும் வாசிப்பது நாவலின் பாதியைக் கைவிடுவதாகும். மகன் உயர்ந்த பின்னரும் தந்தை நைனா, தமக்கு உரிமைப் பத்திரம் இல்லாத நிலத்தில் வீடு கட்டுகிறார், வெளியேற மறுக்கிறார், மனம் பேதலித்துப் பல மொழிச் சொற்களைக் கலந்து ஓதுகிறார், இறுதியில் எரியும் அவ்வீட்டிலேயே மடிகிறார். பாட்டி பெரியதாய்க்கும் தாம் வாழ்ந்த வீட்டின் நிலம் சொந்தமாகவில்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆதலின் நைனாவின் மனமுறிவு தனிமனித நோய் மட்டுமன்று. இரு தலைமுறையாகத் தீராத உரிமை வினாவின் விளைவுமாகும்.

ரவியின் காயம் வேறு வகையானது. கல்வியும் பணியும் அவனுக்குக் கிட்டின. எனினும், அவன் பயின்ற மொழி தந்தையை எட்டவில்லை. தந்தையின் ஓதல் அவனுக்கு விளங்கவில்லை. ஒருவர் துயரை மற்றவர் கேட்கும் பொதுமொழி அவ்வீட்டில் அற்றுப்போகின்றது.

வளாகத்தின் உள்ளே

'காதலினால் அல்ல' பினாங்குப் பல்கலைக்கழக மாணவர் வாழ்வைக் களமாகக் கொண்டது. இங்கு இடம் கிடைத்துவிட்டது. பேசும் மொழியும் ஒன்றே. ஆயினும் புதிய மாணவர் மூத்த மாணவரின் பகடிவதைக்கு உள்ளாகின்றனர். மணியத்தின் நாவலில் மொழி பிரிந்ததால் துயர் கேட்கப்படவில்லை; கார்த்திகேசுவின் நாவலில் மொழி ஒன்றாயிருந்தும் அதிகாரம் வாயை அடைக்கின்றது.

முடிவுரை

நாட்டில் இடம் பெறுதலும் வளாகத்தில் இடம் பெறுதலும் மட்டுமே மனத்திற்கு நிலைப்பாட்டைத் தந்துவிடா. தன் நிலையைச் சொல்லவும் கேட்கப்படவும் ஒருவனுக்கு இடம் வேண்டும் என்பதே இவ்விரு நாவல்களை இணைத்து வாசிப்பதால் பெறப்படும் முடிபாகும். இலக்கிய வகுப்பு உளமருத்துவத்திற்கு ஈடாகாது. எனினும், தன் துயருக்குச் சொல் தேடும் மாணவனுக்கு முதற்சொல்லைத் தரவல்லது அதுவே. இவ்வாய்ப்பைத் தமிழாசிரியர்கள் நழுவவிடலாகாது.